வெப்பம் போகும் வழி: விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன்

தென்பாண்டி நாட்டில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையில் வத்திராயிருப்பு என்றோர் ஊர் உண்டு. வயலும் வாய்க்காலுமாக விளங்கும் அவ்வூரில், 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள், கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் நிலத்தையும் பார்த்தார், நூலையும் பார்த்தார். தமிழிலும் வடமொழியிலும் பயிற்சி உடையவர். ஏர் பிடிக்கும் வீட்டில் ஏடும் புரண்டது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பௌதிக விஞ்ஞானியான கிருஷ்ணன், இலக்கியச் சுவையைக் கடைசி வரையில் கைவிடாதிருந்ததற்கு அந்த வீடே காரணம் என்று கொள்ளலாம்.

நம்மில் பலர் இவர் பெயரை ஒரே ஒரு செய்தியோடு சேர்த்துத்தான் கேட்டிருப்போம். இராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட பொழுது உடன் இருந்தவர். நோபெல் பரிசில் பங்கு பெறாதவர். அத்துடன் கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் 1928க்குப் பிறகு அம்மனிதர் 33 ஆண்டுகள் வாழ்ந்தார், உழைத்தார், ஓயாமல் எழுதினார். அவற்றுள் கடைசிப் பத்தாண்டுகளில் அவர் மனத்தை ஆட்கொண்டிருந்த கேள்விகளுள் ஒன்று மிக எளிமையானது. மின்சாரம் பாயும் பொருளில் வெப்பம் தோன்றுகிறது. தோன்றிய வெப்பம் எவ்வழியே வெளியேறுகிறது?

நண்பர்களே, இக்கேள்வி இன்று நம் மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஏப்ரல் மாதத்துப் பிற்பகலில் நம் பெங்களூரு ஆய்வுக்கூடங்களில் நுழைந்து பாருங்கள். கம்பெனியிலிருந்து கட்டி முடித்து வந்த மேசைக் கணிப்பொறிகள் ஒவ்வொன்றும் ஓலமிட்டுக்கொண்டிருக்கும். பிராசஸர் கொதிக்கிறது, கணக்கு நகர மறுக்கிறது, மாணவர் கையைப் பிசைகிறார். ஆகவே கிருஷ்ணன் அவர்களின் வாழ்க்கையை, வழக்கமான இராமன் வாயில் வழியாக அன்றி, இந்த வெப்பத்தின் வாயில் வழியாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றிற்று. (நம் நகரத்து இந்திய அறிவியல் கழகத்தில் பௌதிகத் துறைக்குத் தலைமை தாங்கிய ஆர். எஸ். கிருஷ்ணன் வேறொருவர். இருவரும் இராமனுடைய மாணவர்களே ஆதலால் அடிக்கடி குழப்பம் நேர்கிறது.)

உள்ளூர்ப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் மதுரை அமெரிக்கன் கல்லூரி, பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரி என்று அவர் படிப்பு வளர்ந்தது. பட்டம் பெற்றவுடன் அதே கிறித்துவக் கல்லூரியில் இரசாயனப் பிரிவில் செய்முறை விளக்குநராக அமர்ந்தார். அங்கே அவர் செய்த ஒரு காரியம் இங்கு நினைக்கத் தக்கது. நண்பகல் உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொள்வார். கணிதமோ, பௌதிகமோ, இரசாயனமோ, எதில் வேண்டுமானாலும் எந்தக் கேள்வியையும் எவரும் கேட்கலாம். பாடத்திட்டம் இல்லை, வருகைப் பதிவு இல்லை, தேர்வும் இல்லை. நாளடைவில் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் அங்கே வந்து குழுமத் தொடங்கினர். சோற்று வேளையை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பௌதிகம் கேட்க வந்தார்கள் என்றால், அவ்விளைஞரின் பேச்சு எத்தகையதாய் இருந்திருக்க வேண்டும்! நம் சங்கமும் இப்படி ஒன்றைத் தொடங்கினால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை. செயலாளர் கவனிப்பாராக.

1920ஆம் ஆண்டில் கிருஷ்ணன் கல்கத்தா சென்றார். பௌபஜார்த் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் சி. வி. இராமன் ஒளிச்சிதறலை ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. 1923இன் இறுதியில் கிருஷ்ணன் அவரிடம் ஆராய்ச்சித் துணைவராகச் சேர்ந்தார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கண்டுபிடிப்பு உறுதியாயிற்று. தூய்மை செய்த ஏறத்தாழ 60 திரவங்களின் வழியே ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு சிறு பகுதி இருப்பதைக் கண்டனர். அவ்வாண்டு மார்ச்சு 31ஆம் நாள் வெளிவந்த நேச்சர் இதழில் இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரிலும் அச்செய்தி வந்தது. 1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. எவருக்கு எத்தனை பங்கு என்னும் வழக்கை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. அவ்வழக்கில் மூழ்கியவர்கள் கிருஷ்ணனின் பிற்கால ஆராய்ச்சிகளில் ஒன்றையேனும் படித்ததாகத் தெரியவில்லை என்பது மட்டும் என் மனக்குறை.

1928ஆம் ஆண்டின் முடிவில் அவர் டாக்காப் பல்கலைக்கழகத்தில் பௌதிக ரீடராகப் பதவி ஏற்றார். சத்தியேந்திரநாத் போஸ் அங்கே பேராசிரியராக விளங்கினார். ஒளியை விட்டுக் காந்தத்துக்குத் திரும்பினார் கிருஷ்ணன். படிகம் ஒன்றை மெல்லிய படிகக்கல் இழையில் தொங்கவிடுவார், இருபுறமும் காந்தம், இழையின் தலையை மெல்ல மெல்லத் திருகுவார். ஓர் எல்லையைத் தாண்டியதும் படிகம் திடீரெனப் புரளும். அந்தத் திருகலின் அளவிலிருந்து, படிகத்தின் காந்தத் தன்மை திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். கருவி எவ்வளவு எளியது, கிடைக்கும் செய்தி எவ்வளவு பெரியது! அவர் ஆராய்ச்சி எல்லாவற்றிலும் இந்த முத்திரையைக் காணலாம்.

1933இல் இராமன் கல்கத்தாவை விட்டு நம் பெங்களூருக்கு வந்து இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அதே ஆண்டில் கிருஷ்ணன் டாக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு மீண்டு, மகேந்திரலால் சர்க்கார் பெயரிலான பேராசிரியப் பதவியில் அமர்ந்தார். அங்கேதான் அவர் கையில் கிராபைட்டு வந்து சேர்ந்தது.

பென்சிலின் கரிக்குச்சியில் இருக்கிறதே, அதே கிராபைட்டுத்தான். கரியணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்ட பொருள் அது. ஒரு தாளுக்குள் அணுக்கள் இறுகப் பிணைந்திருக்கும். தாளுக்கும் தாளுக்கும் இடையே பிணைப்பு மிகத் தளர்ந்திருக்கும். 1939ஆம் ஆண்டில் கிருஷ்ணனும் கங்குலி என்னும் அவர்தம் உடன் ஆராய்ச்சியாளரும் ஒரு செய்தியை வெளியிட்டனர். கிராபைட்டுப் படிகத்தில் தாளின் நெடுக மின்சாரம் எளிதாக ஓடுகிறது. தாளுக்குக் குறுக்கே ஓட மறுக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பல ஆயிரம் மடங்கு! ஒரே பொருள், ஒரு திசையில் உலோகம் போல, மறு திசையில் ஏறத்தாழத் தடைச்சுவர் போல.

வெப்பமும் அப்படித்தான். கிராபைட்டில் வெப்பத்தைச் சுமப்பது பெரும்பாலும் எலெக்ட்ரான் அன்று, அணுக்கோப்பின் அதிர்வு அலைகளே. ஆயினும் தாள் அடுக்கு என்ற காரணம் ஒன்றுதான். நெடுக ஓடும் வெப்பம் செம்பில் ஓடுவதைவிடவும் விரைவாக ஓடும். குறுக்கே ஓடுவதோ மிகச் சொற்பம். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிகள் பலவற்றில், பிராசஸரின் சூட்டை ஓரிடத்தில் தேங்கவிடாமல் முதுகுப்புறம் முழுவதும் பரப்புவதற்குக் கிராபைட்டுத் தகடு வைக்கிறார்கள். மேசைக் கணிப்பொறிக்கும் தெர்மல் பேஸ்டுக்கு மாற்றாகக் கிராபைட்டுத் தகடு விற்கிறார்கள். இதை வாங்க நினைக்கும் நண்பர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பரப்புவதில் அது வல்லமை உடையது; குறுக்கே கடத்துவதில் அவ்வளவு இல்லை. மெல்லியதாக இருப்பதால்தான் அது பிழைக்கிறது. கடைக்காரர் பெட்டிமேல் அச்சிட்ட பெரிய எண், நெடுகச் செல்லும் வெப்பத்தின் எண்ணாகவே பெரும்பாலும் இருக்கும்.

1937இல் அவர் ஐரோப்பா சென்று ரதர்போர்டு பெருமானின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் சொற்பொழிவு ஆற்றினார். 1940இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1942இல் அலகாபாத்துப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைத் தலைவரானார். 1946இல் சர் பட்டம் வந்தது. பட்டங்களை இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

அலகாபாத்தில் அவர் மாணவர் பாட்டியாவோடு சேர்ந்து 1945ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரை நம் பொருளுக்கு வேண்டியது. உருகிய உலோகம் ஏன் மின்சாரத்தைத் தடுக்கிறது? எலெக்ட்ரானை ஓர் அலையாகக் கருதுங்கள். ஒழுங்கற்றுக் கிடக்கும் அணுக்களிடையே அவ்வலை புகும்பொழுது, திரவத்தில் ஒளி சிதறுவதுபோல அதுவும் சிதறுகிறது, அச்சிதறலே தடை. இளமையில் கல்கத்தாவில் கற்ற ஒளிச்சிதறலை எடுத்து உலோகத்தின் மேல் பொருத்திப் பார்த்தார். 1961இல் ஜான் ஜைமன் என்னும் ஆங்கில விஞ்ஞானி இதே கருத்தை விரிவாக வளர்த்தெடுத்தார். தடை இருக்கும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் வெப்பம் பிறந்தே தீரும். நம் பிராசஸருக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல நூறு கோடி முறை திறந்து மூடுகின்றன, ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின்னூட்டம் தடைகளின் வழியே வடிகிறது, வடியும்பொழுதெல்லாம் சூடு. குளிர்ச்சியான பிராசஸர் வேண்டும் என்று கேட்பவர், கணக்குப் போடாத பிராசஸரைக் கேட்கிறார்.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் புது தில்லியில் அமைந்த தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்துக்குக் கிருஷ்ணன் முதல் இயக்குநரானார். 1950 ஜனவரி 21ஆம் நாள் சர்தார் பட்டேல் அக்கூடத்தைத் திறந்து வைத்தார். ஹோமி பாபா தலைமையில் 1948இல் அமைந்த அணுசக்திக் குழுவின் மூன்று உறுப்பினர்களில் கிருஷ்ணனும் ஒருவர். கூட்டம், கோப்பு, வரவேற்பு, அறிக்கை என்று நாள் கழியக்கூடிய பதவிகள். இப்பதவிகளில் அமர்ந்த எத்தனை விஞ்ஞானிகள் அதன்பின் ஆய்வுக்கூடத்துக் கதவைத் திறந்திருப்பார்கள்? கிருஷ்ணன் திறந்தார். ஐம்பத்தைந்தைத் தாண்டிய வயதில், எஸ். சி. ஜெயின் என்னும் இளைஞரைத் துணைக்கொண்டு, சூடேறிய கம்பியையும் கிராபைட்டையும் பற்றிக் கட்டுரைக்கு மேல் கட்டுரையாக எழுதினார்.

ஏன் கம்பி? அக்காலத்து வானொலிக்கும் கணிப்பொறிக்கும் உயிர்நாடி வெற்றிடக் குழல். அதனுள்ளே ஒரு கம்பி பழுக்கக் காய்ச்சப்படும். காய்ந்த கம்பியிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியே பறக்கும். அமெரிக்காவில் 1946இல் இயங்கத் தொடங்கிய எனியாக் என்னும் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 குழல்கள். அது உண்ட மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோவாட். அறை முழுவதும் அனல். நம் நாட்டில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய டிப்ராக் கணிப்பொறியும் வெற்றிடக் குழல்களால் ஆனதுதான். அன்றைக்குக் கணக்குப் போட வேண்டுமானால் முதலில் சூடேற்ற வேண்டும். இன்றைக்குக் கணக்குப் போட்டபின் சூடு மிஞ்சுகிறது.

காய்ந்த பரப்பிலிருந்து எத்தனை எலெக்ட்ரான் பறக்கும் என்பதை அளப்பது எளிதன்று. பரப்பில் ஒரு சிறு மாசு இருந்தாலும் விடை மாறிவிடும். கிருஷ்ணனும் ஜெயினும் கிராபைட்டால் உட்குடைவான ஓர் அறை செய்து, வெற்றிடத்தில் அதைச் சூடேற்றி, சுவரில் இட்ட சிறு துளை வழியே கசியும் எலெக்ட்ரான்களை அளந்தனர். மூடிய அறைக்குள் எலெக்ட்ரான் ஆவி சுவரோடு சமநிலையில் நிற்கும். பரப்பின் அழுக்கு அதைப் பாதிக்காது. டாக்காவில் இழையில் தொங்கிய படிகத்தை நினைத்துப் பாருங்கள். அதே மனம், அதே எளிமை.

இவ்வாராய்ச்சிக்கு வெப்பநிலையைத் துல்லியமாக அறிய வேண்டியிருந்தது. அங்கேதான் நம் கேள்வி எழுகிறது. வெற்றிடத்தில் ஒரு மெல்லிய கம்பி. இரு முனைகளும் குளிர்ந்த தாங்கிகளில் இறுகப் பிடிக்கப்பட்டுள்ளன. மின்சாரம் பாய்கிறது. கம்பியின் வெப்பநிலை என்ன? ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இடத்துக்கு இடம் வெப்பநிலை வேறு. கம்பி நெடியதாக இருந்தால், நடுப்பகுதியில் பிறக்கும் வெப்பம் முழுவதும் அங்கேயே ஒளிக்கதிராகப் பரப்பிலிருந்து வெளியேறிவிடும். முனைகள் குளிர்ந்திருப்பது நடுவுக்குத் தெரியவே தெரியாது. முனையை நெருங்க நெருங்க, வெப்பம் கம்பியின் வழியே கடத்தப்பட்டுத் தாங்கியில் இறங்கும்; வெப்பநிலையும் சரியும். கம்பி குறுகியதாக இருந்தாலோ, கதை முற்றிலும் வேறு. வெப்பம் எல்லாம் முனை வழியாகவே ஓடிவிடும். நடுப்பகுதி தன் முழுச் சூட்டை என்றும் எட்டாது. 1954ஆம் ஆண்டு முதல் ராயல் சொசைட்டியின் இதழில் தொடர்ச்சியாக வெளிவந்த கட்டுரைகளில் அவர்கள் இந்தச் சரிவின் கணிதத்தை வகுத்தனர். வெப்பநிலையின் எண்ணைவிட அதன் வடிவமே அங்கே பேசிற்று. கம்பி நெடுக வெப்பநிலை எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைந்துவிட்டால், வெப்பம் பரப்பால் போகிறதா, முனையால் போகிறதா என்பது மட்டுமன்றி, அப்பொருள் வெப்பத்தை எவ்வளவு கடத்தும் என்பதும் விளங்கிவிடும்.

இன்றைய கணிப்பொறிக் கம்பெனிகள் கிருஷ்ணனைப் படித்துவிட்டுப் பெட்டி செய்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவருடைய முறையைப் பிடித்துக்கொண்டால் நம் பெட்டியின் நோய் விளங்கும். எங்கள் துறையில் கட்டி முடித்த நிலையில் வாங்கிய மேசைக் கணிப்பொறி ஒன்று இருக்கிறது. கம்பெனிப் பெயர் வேண்டா. பெரிய கணக்கை ஏற்றினால் ஐந்தே நிமிடத்தில் பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டு, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரவோடு முடிய வேண்டிய கணக்கு மறுநாள் மாலை வரையில் இழுக்கும். எஸ்.பி. ரோட்டில் கேட்டால் பெரிய கூலர் போடு என்றார்கள். விடுதி நண்பர்கள் பேஸ்டை மாற்று என்றார்கள். பேராசிரியர் அறையில் ஏ.சி. வைக்க வேண்டும் என்றார் ஒருவர். மருந்து சொன்னவர் பலர்; நாடி பிடித்தவர் எவரும் இல்லை.

பிராசஸரில் பிறக்கும் வெப்பத்துக்கு வழி ஒன்றே. கைந்நகம் அளவுள்ள சிலிக்கான் சில்லு, அதன்மேல் உலோக மூடி, அதன்மேல் தெர்மல் பேஸ்ட், அதன்மேல் ஹீட் சிங்க், பின்பு கேபினெட்டுக்குள் உள்ள காற்று, கடைசியில் அறையின் காற்று. கிருஷ்ணனின் குறுகிய கம்பியைப் போன்றது இந்தச் சில்லு. தன் பரப்பால் தானே வெப்பத்தை இறக்கிவிட அதனால் இயலாது. எதனோடு பிடிக்கப்பட்டிருக்கிறதோ அதையே நம்பி வாழ்கிறது. செம்பின் கடத்துதிறனை 400 என்று வைத்தால், ஹீட் சிங்கின் அலுமினியம் 200ஐ ஒட்டி நிற்கும். நல்ல பேஸ்டே பெரும்பாலும் 10ஐத் தாண்டாது. அசையாத காற்றோ 0.03கூட இல்லை. பேஸ்ட் என்பது காற்றிடைவெளியை அடைக்கத்தான். சட்னி போல அள்ளிப் பூசுவது கேடு.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பிராசஸர் உண்ணும் மின்சாரத்தை 65 வாட்டில் கட்டி நிறுத்திவிட்டு, தெர்மோகப்பிள் கொண்டு வழி நெடுக அளந்தோம். அறை 31 டிகிரி. கேபினெட்டுக்குள் காற்று 52. ஹீட் சிங்கின் அடி 77. திரை காட்டிய பிராசஸர்ச் சூடு 97. இப்பொழுது படிகளைப் பாருங்கள். சில்லுக்கும் சிங்குக்கும் இடையே 20. சிங்குக்கும் உட்காற்றுக்கும் இடையே 25. உட்காற்றுக்கும் அறைக்கும் இடையே 21! கடைசிப் படி இவ்வளவு உயரமாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. முகப்புப் பலகை பளபளவென்று அடைத்திருந்தது, காற்று நுழையப் பக்கவாட்டில் ஒரு சிறு கீற்று, அதிலும் தூசி. பின்னால் ஒரே காற்றாடி. அது வெளியேற்ற நினைத்தாலும் உள்ளே வரக் காற்று வேண்டுமே! பின்புற வாயில் திறந்து முன்புற வாயில் அடைத்த திருமண மண்டபம் போல இருந்தது. இந்நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த கூலர் போட்டாலும், அது அந்த 52 டிகிரிக் காற்றைத்தான் மீண்டும் மீண்டும் குடித்துக்கொண்டிருக்கும்.

தூசியை ஊதித் தள்ளி, முகப்பின் உட்பலகையைக் கழற்றி, 120 மில்லிமீட்டர்க் காற்றாடி ஒன்றை உள்நோக்கி வைத்தோம். உட்காற்று 40க்கு இறங்கிற்று, மேலே உள்ள படிகள் எல்லாம் அதனோடு ஒருங்கே இறங்கின, பிராசஸர் 85. காய்ந்து வெடித்திருந்த பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்ததில் மேலும் 5 குறைந்து 80. கூலரை மாற்றவே இல்லை. சில்லுக்கும் சிங்குக்கும் இடையே 40 டிகிரி இருக்கும் பெட்டியும் உண்டு. அதற்குக் காற்றாடி பயன்படாது, பேஸ்டும் திருகாணியும்தான் மருந்து. ஆகவே எங்கள் மருந்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் முதலில் அளந்து பாருங்கள். தெர்மோகப்பிள் இல்லாதவர் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். சூடு பத்து டிகிரி இறங்கினால் குற்றம் காற்றில். இறங்கவே இல்லையானால் குற்றம் உள்ளே. பலகையைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமோ என்று அஞ்சுபவர், முதலில் உத்தரவாதச் சீட்டைப் படித்துக்கொள்க.

பிறக்கும் வெப்பத்தையே குறைப்பது இன்னொரு வழி. டிரான்சிஸ்டர் திறந்து மூடுவதால் பிறக்கும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருபடியை ஒட்டி ஏறும். அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அவ்வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும்; வேகத்தில் இழப்பு சொற்பம். ஆனால் கட்டி முடித்து வரும் பெட்டிகள் பலவற்றில் இந்த அமைப்பைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அப்பொழுது மின்சார உச்சவரம்பை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். நம் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு இலேசானது. அதே காற்றாடி இங்கே சற்றுக் குறைவாகவே வெப்பம் சுமக்கும். கோடையில் சென்னை அறை இதைவிடக் காய்வதால் நாம் பிழைத்தோம்.

மீண்டும் தில்லிக்கு வருவோம். கிருஷ்ணன் இயக்குநராய் இருந்த காலத்தில்தான் அவ்வாய்வுக்கூடத்திலிருந்து சூரிய அடுப்பு வந்தது. வெயிலை ஆடியால் திரட்டிச் சமைக்கும் அடுப்பு, பரபரப்போடு பேசப்பட்டது, ஆனால் வீடுகளுக்குள் போகவில்லை. வெப்பத்தைத் திரட்டுவதும் எளிது, விரட்டுவதும் எளிது. பழகிய அடுப்படியை மாற்றுவது எளிதன்று போலும். 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1958இல் பட்நாகர் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபொழுது அதைப் பெற்றவர் அவரே. அவ்வாண்டுகளிலும் கம்பியும் கிராபைட்டும் அவர் மேசையை விட்டு அகலவில்லை.

1961ஆம் ஆண்டு ஜூன் திங்களில், 62ஆம் வயதில், அவர் தில்லியில் காலமானார். ஒரே சில்லில் பல டிரான்சிஸ்டர்களைப் பொதிந்த மின்சுற்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததும் அவ்வாண்டில்தான். ஒரு சில்லுக்குள் முழுப் பிராசஸர் அடங்க இன்னும் பத்தாண்டுகள் இருந்தன. தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம் நிற்கும் சாலைக்கு டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர். கோடைப் பயிற்சிக்குத் தில்லி செல்லும் நம் நண்பர்கள் பூசா சாலைப் பக்கம் போனால் அப்பலகையைக் காணலாம்.